விசாகத்துக்குப் போன வகுப்பு

மே 27, செவ்வாய்

மழை. விடிந்ததிலிருந்து ஒரே சீராக. குடை இருந்தும் புடவை முழங்கால்வரை நனைந்தாயிற்று.

பிந்து டீச்சருடன் சாலைக் கடைத்தெருவுக்கு. பிள்ளை பிடிக்க. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். பள்ளி திறப்பதற்கு முன் டீச்சர்கள் நோட்டீஸும் கையுமாக வீடுவீடாக ஏறி இறங்க வேண்டும். மாலத்தீவில் சொன்னால் சிரிப்பார்கள். அந்தத் தீவில் ஒரே பள்ளி, பிறந்த குழந்தையெல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். நான்கு வருடத்தில் ஒரு குழந்தையையும் நான் வா என்று அழைத்ததில்லை.

பிந்து மலையாள டிவிஷன். தமிழ் டிவிஷனுக்கு நான் மட்டும்தான், அதுவும் தினக்கூலி நியமனம். அவர் வந்தது எனக்குத் துணைக்கு. வழி முழுக்கக் கேலி. "டீச்சரே, வெளிநாட்டுக்காரி மாதிரி நடக்கல்லே. பாவம் மாதிரி நடக்கணும், அப்போளே குட்டியைத் தரும்."

வெங்காயக் கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு சந்து. எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள், ஆண்கள் மூட்டை சுமப்பவர்கள். கடைசி வீட்டில் செல்வி. என் வயதுதான் இருக்கும், மூன்று பிள்ளைகள். நடுப்பெண் இசக்கியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

"மலையாளத்துல சேத்தாத்தான டீச்சரே நாளைக்கு ஒரு பி.எஸ்.சி. எழுதி கெவர்மெண்டு வேலைக்குப் போவ முடியும்? தமிள வச்சிட்டு இங்க என்ன செய்ய?"

வீட்டு மொழியில் தொடங்கினால் மற்ற மொழி எளிதாக வரும் என்றேன். படித்த விஷயம், நம்பும் விஷயமும்கூட. சொல்லும்போது மட்டும் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது.

"ஒங்க பிள்ளைய இதுல சேப்பீங்களா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலை."

"ஆனா?"

"நான் இதே பள்ளிக்கூடத்துல, இதே கிளாஸ்லதான் படிச்சேன்" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவளுக்கும் தெரிந்தது.

கட்டன் சாயா கொடுத்தாள். நாங்கள் குடித்து முடிக்கும்வரை என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு. பிறகு, "சரி, எளுதிக்கோங்க" என்றாள்.

அந்தச் சந்தில் மட்டும் ஐந்து பேர். மொத்தம் பதினொன்று. பிந்து சொன்னார், "டீச்சர்க்குக் கையிராசி உண்டு."

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது அழுகை வந்தது. சந்தோஷம் என்று வைத்துக்கொள்வோம்.

மே 29, வியாழன்

வாங்க வேண்டியவை: சார்ட் பேப்பர், கயிறு, கிளிப், புளியங்கொட்டை (எண்ணுவதற்கு), பழைய செய்தித்தாள். கொசுவத்தி.

நான் பிறந்து வளர்ந்த கரமனை மாறவில்லை. நான்தான் தெருவில் நடக்கும் முறை மறந்தவளாகிவிட்டேன். யார் வாசலைக் கடக்கும்போது சிரிக்க வேண்டும், யார் வாசலில் நின்று பேச வேண்டும், ஒன்றும் நினைவில்லை. எதிர்வீட்டு கோமதி மாமியிடம் அம்மா பேசியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"பொண்ணு வந்திருக்காளே, லீவா?"

"ஆமா, லீவுதான். கொஞ்ச நாள் இருப்பள்."

உள்ளே வந்ததும் கேட்டேன், ஏன் பொய் என்று.

"பின்னே என்ன சொல்லச் சொல்றே? நல்ல வேலையை எறிஞ்சுட்டு தினக்கூலிக்கு வந்திருக்கான்னு சொல்லட்டுமா? கேக்கறவா என்ன நினைப்பா? அங்க ஏதோ தப்பா நடந்துடுத்துன்னு நினைப்பா. லீவுன்னா ஒரு மரியாதை இருக்கோல்லியோ?"

"எத்தனை நாளைக்கு லீவு?"

"நீ தெளியற வரைக்கும்."

அம்மாவிடம் காரணத்தைச் சொல்ல முடிந்ததில்லை. அங்கே நான்கு வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தேன். நல்ல பிள்ளைகள், நல்ல கடல், மாலையில் படிக்க நேரம். ஒருநாள் கரும்பலகை முன் நிற்கும்போது தோன்றியது: என் மொழியில் ஒரு வாக்கியம்கூட இதுவரை எந்தக் குழந்தைக்கும் நான் சொல்லித்தந்ததில்லை. அவ்வளவுதான் காரணம். வெளியே சொன்னால் ஒன்றுமே இல்லாதது போலாகிவிடுகிறது.

புத்தகங்களில் பாதியைத் தீவிலேயே விட்டு வந்தேன், எடை காரணமாக. எது இங்கே, எது அங்கே என்று இன்னும் குழப்பம். ஒன்றைத் தேடி அலமாரியைக் கலைத்தேன். அது அங்கே.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா: "ஒம்பதாந்தேதி விசாகம். மாமியெல்லாம் வேன் பிடிச்சுத் திருச்செந்தூர் போறா. ஒரு சீட்டு இருக்காம், வரயா?"

ஸ்கூல் இருக்கிறது என்றேன்.

ஜூன் 2, திங்கள்

திறந்தாயிற்று. பலூன், காகிதக் கிரீடம், பாயசம். மைக் பாதியில் நின்றது. மழை வந்து கிரீடங்கள் சாயம் போய், பிள்ளைகளின் நெற்றியெல்லாம் ரோஸ்.

என் பதினொன்றும் வந்துவிட்டார்கள். நடுப் பெஞ்சில் சந்துக்கார ஐந்து பேர், சேர்ந்தே. இசக்கி நடுவில். ஒரு வார்த்தை பேசவில்லை. கிரீடத்தைக் கழற்றவும் விடவில்லை.

ஹெச்.எம். ஷைலஜா டீச்சர் ஆபீசில் கூப்பிட்டுச் சொன்னார். நல்லவர், களைத்தவர், ரிட்டயர்மெண்ட் அருகில். எனக்காகத் தமிழில் முயல்வார்.

"டீச்சர், ஆறாம் திவசம் தலையெண்ணல். அறியாமல்லோ? ஏ.ஈ.ஓ. ஆபீசிலேர்ந்து ஆள் வரும். பத்து தலை பெஞ்சில் காணணும். புஸ்தகத்தில் பேர் இருந்தாப் போறாது, தலை வேணும். இல்லெங்கில் டிவிஷன் போச்சு, குட்டிகளை மலையாளத்தில் இருத்தும். டீச்சர்க்கும் பின்னே..." கையை விரித்தார்.

தெரியும் என்றேன். பள்ளி திறந்த ஆறாம் வேலைநாள். நான் படித்த காலத்திலும் உண்டு, அன்று எங்களுக்குத் தலைசீவிப் பவுடர் போட்டு உட்காரவைப்பார்கள்.

பதினொன்று இருக்கிறது. ஒன்று மிச்சம்.

ஜூன் 3, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதவற்றின் பட்டியல்:

வட்டமாக உட்கார்ந்து பேசுவது. தரை ஈரம்.

பெயர் சொல்லிக் கைதட்டும் விளையாட்டு. மூன்று பேர் அழுதார்கள்.

படக்கதை. மழை ஓட்டில் விழும் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சண்டை வந்தால் இவர்கள் மலையாளத்தில்தான் சண்டை போடுகிறார்கள். "எடா, அது எண்டே!" சமாதானமும் மலையாளத்தில். தமிழ் என்னிடம் பேச மட்டும். இந்த வகுப்பில் தமிழ் என்பது டீச்சரின் மொழி, மரியாதைக்குரிய மொழி. அதாவது வெளியாள் மொழி. தீவில் ஆங்கிலத்துக்கு என்ன இடமோ அதே இடம். அதற்காகவா வந்தேன்?

ஸ்டாஃப் ரூமில் பிந்து, "எந்தா, விமானம் பிடிக்கப் போவுதோ?" என்றார். சிரித்தேன். டாய்லெட்டில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 5, வியாழன்

மழை இல்லை. இசக்கி பேசினாள். புளியங்கொட்டை எண்ணிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "டீச்சர், எங்க வீட்ல கோளிக்குஞ்சு செத்துப்போச்சு" என்றாள். முழு வாக்கியம். யாரும் கேட்காமல். "ஏன் செத்துது?" "நான் தண்ணி ஊத்திக் குளிப்பாட்டுனேன்."

பக்கத்திலிருந்தவன் தன் வீட்டுப் பூனையைச் சொன்னான். அடுத்தவள் அப்பாவின் முதுகு வலியை. மணி அடிக்கும்வரை பேசினார்கள், தமிழில், ஒருவர் மேல் ஒருவர் விழுந்து. நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்தேன். இதற்காகத்தான் வந்தேன்.

சாயங்காலம் கேட்டில் செல்வி.

"டீச்சரே, சனிக்கெளம திருச்செந்தூருக்குப் போறோம். திங்கக்கெளம விசாகம். இசக்கிக்கு மொட்ட போடணும்."

நாளை பக்ரீத் விடுமுறை. திங்கள் ஐந்தாம் நாள், செவ்வாய் ஆறாம் நாள். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். திங்கள்தானே போகும். செவ்வாய்க்கு வந்துவிடுவாள். வராவிட்டாலும் பத்து இருக்கிறது.

"தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். குரலில் அத்தனை தாராளம். இன்று யாருக்கும் எதையும் கொடுத்திருப்பேன்.

"ஒங்களுக்கும் சேத்து வேண்டிக்கிடுதேன் டீச்சரே."

ஜூன் 8, ஞாயிறு

காலையில் சார்ட் பேப்பர் வாங்கச் சாலைக்குப் போனேன். போகும் வழியில் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன், காரணமில்லாமல்.

எல்லா வீடும் பூட்டு. ஒரு நாய், கொடியில் மறந்துபோன ஒரு பனியன்.

முக்குச் சாயாக்கடைக்காரர்: "யார வேணும்? எல்லாரும் திருச்செந்தூரு. கிட்டங்கியே லீவுல்லா."

"எல்லாருமா?"

"ஒண்ணா போறதுதான. ஒரே பஸ்ஸு, ஒரே சமையலு. விசாகம் முடிஞ்சு நேரா இங்கயா வருவாங்க? ஊருக்குப் போயி குலதெய்வத்துக்குப் பொங்க வைக்கணும், கெடா வெட்டணும். புதனோ வியாழனோ ஆவும். நீங்க தமிள் ஆளுதான, தெரியாதா?"

தெரியும். அதுதான். தெரியும். நான் ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போதே விசாக வாரத்தில் அந்தப் பெஞ்சு காலியாக இருக்கும். எங்கள் டீச்சர் ஒவ்வொரு வருடமும் பள்ளி திறக்கும் முன்பே அந்த வீடுகளுக்குப் போய்ச் சொல்லி வைப்பார், தலையெண்ணல் முடிந்து கிளம்புங்கள், அல்லது பிள்ளையை மட்டும் விட்டுப் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இரண்டு பிள்ளைகள் அவர் வீட்டில் தங்கியதுகூட நினைவிருக்கிறது. நான்கு வருடம் தமிழ்க் காலண்டர் இல்லாத சுவரைப் பார்த்தே கழித்திருக்கிறேன். அம்மா சொன்னபோதுகூட என் காதில் விழுந்தது வேனும் மாமியும்தான். என் பெஞ்சு விழவில்லை.

செல்விக்கு போன். பின்னால் கொட்டுச் சத்தம், குழந்தைகள், ஒலிபெருக்கி.

"டீச்சரே! கேக்கல, சத்தமா பேசுங்க!"

சத்தமாகச் சொன்னேன். சாலையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை ஐந்து பேரும் வகுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் வகுப்பே இருக்காது.

கொட்டுக்கு மேலே கத்தினாள்.

"பொங்க வைக்காம எப்பிடி டீச்சரே திரும்ப? வருசத்துக்கு ஒரு நாளு. ஆம்பளைங்க ஒத்துக்கிட மாட்டாங்க. மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? நீங்கதான போயிட்டு வாங்கன்னீங்க."

ஆமாம்.

சார்ட் பேப்பர் வாங்க மறந்துபோனேன்.

ஜூன் 9, திங்கள்

வகுப்பில் ஆறு. நடுப் பெஞ்சு காலி.

ஹெச்.எம்.மிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் சோதிக்காமல் போயதோ, டீச்சர் பறஞ்ஞு விட்டதோ?"

கேட்டுக்கொண்டுதான் போனார்கள், நான்தான் போகச் சொன்னேன் என்றேன்.

"எந்தினு?"

ஏன் என்றுதான் கேட்டார், திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நான் மூணு கொல்லமா இந்த டிவிஷனைப் பிடிச்சு நிறுத்தியது" என்று மட்டும் சொன்னார், ஜன்னலைப் பார்த்து. நான் தீவில் கடல் பார்த்துக்கொண்டிருந்த மூன்று வருடம், தமிழ் தெரியாத இந்தப் பெண் என் வகுப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

பிந்துதான் வழி சொன்னார். "எண்டே கிளாஸில் அஞ்செண்ணம் உண்டு, வீட்டில் தமிழ் பேசுற குட்டிகள். நாளைக்கு ஒரு பீரியட் அங்கே இருக்கட்டே. தலைக்கு மொழி உண்டோ டீச்சரே?"

ஹெச்.எம். காதில் விழாததுபோல் ஆபீஸ் பெல்லை அடித்து யாரையோ கூப்பிட்டார். அது சம்மதம் என்று பிந்து சொன்னார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். யோசிக்க அவகாசம் கேட்கவுமில்லை. ஐந்து பேரின் பெயரை மட்டும் கேட்டேன்.

வீட்டில் அம்மா, "முகம் ஏன் இப்படி இருக்கு? ஜுரமா?" நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஒண்ணுமில்லை. வெறுதே, சும்மா" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

மழை. முதல் பீரியடிலேயே ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். நடுப் பெஞ்சில் உட்காரவைத்தேன். நல்ல பிள்ளைகள், சொன்ன இடத்தில் கைகட்டி. ஒருத்தி கேட்டாள், "இது இசக்கிண்டே இடமல்லே?" சந்துக்கு அடுத்த தெருவாம்.

பத்தரைக்கு ஆபீசர் வந்தார். இளைஞர், நனைந்த கால்சட்டை, கனிவான முகம். வணக்கம் என்று தமிழில் சொன்னார். எனக்காகக் கற்றுக்கொண்டு வந்தது போல. ஹெச்.எம். கதவருகே நின்றார், உள்ளே வரவில்லை.

ஒரு விரலால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினொன்று. பேனாவைத் திறந்தார்.

அப்போது வராந்தாவில் பால் வந்தது.

செவ்வாய்க்கிழமை பால் நாள். எனக்கு அதுவும் நினைவில்லை. பெரிய பாத்திரம், டம்ளர் சத்தம், மலையாள டிவிஷன் வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்தது. நடுப் பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். என்னைப் பார்த்தான். தன் வரிசையைப் பார்த்தான். "டீச்சரே, ஞங்ஙடே பால்!" என்று ஓடினான். பின்னாலேயே நான்கு பேரும். கடைசிப் பெண் கதவில் திரும்பி எனக்கு டாட்டா காட்டினாள்.

வகுப்பில் ஆறு பேர், அவர்களுக்கும் பால் வேண்டுமென்ற முகம்.

ஆபீசர் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பில்லை, யாருக்கும் வந்திருக்கும். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"டீச்சரே, நமுக்கு ஆறுன்னு எழுதலாம். வேறே ஒண்ணும் நான் கண்டில்லா. அது போரே?"

போதும் என்றேன். நன்றி என்றும் சொன்னேன். உண்மையிலேயே நன்றிதான், ஆள் மாற்றி உட்காரவைத்ததை எழுதியிருந்தால் ஹெச்.எம். பெயரும் அல்லவா அதில் இருந்திருக்கும்.

பிறகு என் ஆறு பேரையும் பாலுக்கு அழைத்துப்போனேன். மலையாள வரிசையின் கடைசியில் நின்றார்கள். யாரும் எந்த வித்தியாசமும் கண்டிருக்க முடியாது.

ஜூன் 11, புதன்

உத்தரவு வரும்வரை வகுப்பை நடத்தலாம் என்றார் ஹெச்.எம். வெள்ளிக்கிழமைவரை என்று அர்த்தம். பிந்து என் டிஃபன் டப்பாவில் ஒரு பழம்பொரி வைத்துவிட்டுப் போனார். கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஒரு வேலையைச் சரியாகச் செய்யத் தெரியாதவர்கள்தான் அதன் அர்த்தத்தைப் பற்றி அதிகம் யோசிக்கிறார்கள் போலும். மொழி, வேர், தாய்வீடு. எத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் இந்த நோட்டிலேயே. யார் எப்போது ஊருக்குப் போவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தால் போதுமாயிருந்தது.

மழை. துணி காயவில்லை.

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டார்கள். இசக்கி மொட்டைத் தலையில் சந்தனம். மற்ற பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்க்க, ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

செல்வி வாசலில். கையில் கருப்பட்டியும், பன்னீர் இலையில் மடித்த விபூதியும்.

"டீச்சர் வேல நெலைக்கணும்னு வேண்டிக்கிட்டேன். அன்னைக்கு போன்ல நீங்க பேசுனது மனசுக்குக் கஸ்டமா இருந்துச்சு."

வகுப்பு போய்விட்டது என்று சொன்னேன். திங்கட்கிழமையிலிருந்து இசக்கிக்கு மலையாள டிவிஷன், பிந்து டீச்சர், நல்ல டீச்சர்.

அவள் வாயைப் பொத்திக்கொள்வாள், அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இரண்டு நாளாக அதற்கு ஆறுதல் வார்த்தைகள்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அப்பிடியா" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "பீஸு ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லை."

"புஸ்தகம் வேற தருவாங்களா?"

"தருவாங்க."

முகம் லேசானது. மறைக்கத்தான் முயன்றாள், பாவம். "நாங்களும் அடுத்த வருசம் மாத்தலாம்னுதான் டீச்சரே இருந்தோம். இவ அப்பாவுக்கு மொதல்லேந்தே இஸ்டமில்ல. நீங்க அன்னைக்கு அந்த மளையில, காலெல்லாம் சகதியா வந்து நின்னீங்க. எப்பிடி இல்லன்னு சொல்லி அனுப்ப?"

பிறகு, "நீங்க எங்க போவீங்க?" என்றாள். வேறு யாரும் இதுவரை கேட்காத கேள்வி.

தெரியாது என்றேன். அவளே இலையைப் பிரித்து, என் நெற்றியில் விபூதி இட்டாள். விரல் சொரசொரப்பு.

மத்தியானம் இசக்கி வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திருச்செந்தூர்க் கடலைப் பற்றிச் சொன்னாள். அலை அவள் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனதாம். திரும்பக் கொண்டு வருமா என்றாள். சில சமயம் வரும் என்றேன். "ஒங்க கடல்ல?" மாலத்தீவைச் சொல்கிறாள், போன வாரம் சொல்லியிருக்கிறேன். வராது என்றேன்.

எத்தனை வாக்கியம் பேசினாள். எண்ணவில்லை.

ஜூன் 13, வெள்ளி

சார்ட்டுகளைக் கழற்றினேன். புளியங்கொட்டையைப் பிந்துவிடம் கொடுத்தேன், இசக்கிக்குப் பிடிக்கும் என்று சொல்லி. "நான் நோக்காம்" என்றார், அவளைப் பார்த்துக்கொள்வதாக. ஹெச்.எம். கைகுலுக்கினார், வேறொரு பள்ளியில் இடம் வந்தால் சொல்கிறேன் என்றார். தமிழ் டிவிஷனா என்று நான் கேட்கவில்லை.

கடைசி பீரியட் கதை சொல்லவில்லை. சும்மா பேசவிட்டேன். மணி அடித்ததும் ஓடிவிட்டார்கள், வெள்ளிக்கிழமை மாதிரி. வெள்ளிக்கிழமைதான்.

கரமனையில் பஸ் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கையில் சுருட்டிய சார்ட்டுகள், பை, கருப்பட்டி. கோமதி மாமி வாசலில் கோலமாவு டப்பாவுடன். திருச்செந்தூர் போய்வந்த கருப்பு முகத்தில் இன்னும் போகவில்லை.

"என்னடி இது, மூட்டை முடிச்சோட? லீவு முடிஞ்சாச்சா?"

எங்கள் வீட்டு ஜன்னலில் அம்மா. திரைக்குப் பின்னால், அசையாமல்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கு மாமி" என்றேன்.